பிட்டு பாத்துதான் பறக்குறோம் மாமா

அம்மாபேட்டை மாமாவுக்கு என்னைப் பாத்தா ஒரே கேள்விதான். போன மாசம் ஒரு வளைகாப்புப் பந்தில பக்கத்து எலைல உக்காந்துக்கிட்டு, பாயசம் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாரு. "ஏப்பா, பிளேன்ல ஏதாச்சும் கோளாறுன்னா நீங்கல்லாம் புத்தகத்தைப் பிரிச்சு வெச்சு படிச்சுப் பாத்துதான் சரி பண்ணுவீங்களாமே, அப்ப இது பிட்டு பாத்து எழுதுற கதைதானே?" சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு மழுப்பிட்டு கை கழுவப் போயிட்டேன். ஆனா மாமா சொன்னது சரிதான். நாங்க பிட்டு பாத்துதான் பறக்குறோம். ஒரே வித்தியாசம், எங்க பரீட்சைல பிட்டைக் குடுக்குறதே வாத்தியார்தான், பாக்காம எழுதுனாத்தான் ஃபெயில்.

நான் ஏடிஆர் ஓட்டுற கோ-பைலட். ரெண்டு ப்ரொப்பெல்லர் சுத்துற, எழுபது பேர் சொச்சம் போற சின்ன விமானம். வீடு அஸ்தம்பட்டில. அப்பா ரிட்டையர் ஆகுற வரைக்கும் ஏற்காடு ரூட்ல பஸ் ஓட்டுனவரு. எங்க சேலம் ஏர்போர்ட் கமலாபுரத்துல 1993ல கட்டி, பாதி காலம் பூட்டியே கெடந்து, 2018ல உயிர் வந்து, நடுவுல மறுபடி படுத்து, 2023 அக்டோபர்லதான் திரும்ப எழுந்துச்சு. ரன்வே 1,800 மீட்டர்தான், அதனால எங்க ஏடிஆர் மாதிரி வண்டிங்களுக்குத்தான் அது தோது. சொந்த ஊர்ல எறங்குறதுன்னா ஒரு கெத்து இருக்கும்ல, அந்தக் கெத்தோட வந்த ஒரு நாள்தான் எனக்கு இந்தப் பாடம் கெடச்சுது. எந்தக் கம்பெனி எந்த வருஷம்னு கேக்காதீங்க, அது இங்க தேவையில்ல.

காலை ஃப்ளைட். வானம் சுத்தம், ஓமலூர் பக்கம் லேசா மூட்டம், அவ்ளோதான். கேப்டன் ஓட்டுறாரு, நான் பக்கத்துல இருந்து கவனிக்கிற வேலை. "கியர் டவுன்"னாரு, லீவரை எறக்குனேன். அடியில சக்கரம் எறங்குற சத்தம், லேசா ஒரு அதிர்வு, எல்லாம் வழக்கம்போல. நடுப் பேனல்ல மூணு பச்சை அம்புக்குறி எரியணும், மூக்குச் சக்கரத்துக்கு ஒண்ணு, இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. மூக்கு வந்துச்சு, வலது வந்துச்சு. இடதுல பச்சை வரல, பூட்டலன்னு சொல்ற செவப்பு வெளக்கு அப்படியே நின்னுச்சு.

அடுத்த ரெண்டு செகண்டுல நான் பண்ணதுதான் நான் இதை எழுதவே காரணம். என் கை லீவர் பக்கம் போயிடுச்சு. யாரும் சொல்லல, நானும் யோசிக்கல. வீட்ல செட்டாப் பாக்ஸ் மக்கர் பண்ணா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்ல, அதே புத்தி, மேல தூக்கிட்டு மறுபடி எறக்குனா சரியாயிடும்னு கையே முடிவு பண்ணிடுச்சு. இத்தனைக்கும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா சிமுலேட்டர்ங்குற பயிற்சி மெஷின்ல போட்டுத் தோச்சு எடுப்பாங்க, புத்தகத்துல இருக்குற செக்லிஸ்ட் சொல்லாம லீவரைத் தொடாதன்னு அங்க எத்தனையோ தடவை படிச்சதுதான். அரைகுறையா எறங்குன சக்கரத்தைத் திரும்ப மேல இழுத்தா அது எங்கயாச்சும் மாட்டிக்கலாம், இருந்ததும் போச்சுன்னு ஆயிடும். தெரியும். தெரிஞ்சும் கை போச்சு.

கேப்டன் என் பக்கம் திரும்பக்கூட இல்ல. "கையை எடு தம்பி"ன்னாரு. குரல்ல கோவம் எதுவும் இல்ல, டீ வேணாம்னு சொல்ற மாதிரி. உடனே "கோ அரவுண்ட்". பவர் ஏத்தி, மூக்கைத் தூக்கி மேல போக ஆரம்பிச்சோம். நான் மீட்டரைப் பாத்து, விமானம் ஏறுதுங்குறதுக்கு "பாசிட்டிவ் ரேட்"னு சொல்லணும், சொன்னேன். வழக்கமா அந்த வார்த்தைக்கு அடுத்து அவர் "கியர் அப்"னு சொல்லுவாரு, நான் லீவரைத் தூக்குவேன். ஆயிரம் தடவை பண்ண பழக்கம், அவர் வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே கை மறுபடி கெளம்பிடுச்சு. அதே கை, ஒரு நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை. "கியர் அப்படியே இருக்கட்டும்"னாரு. அப்பத்தான் எனக்கு வேர்த்துச்சு. சக்கரத்தை நெனச்சு இல்ல, என் கைய நெனச்சு.

அப்புறம் அவர் பண்ணதை நிதானமா யோசிச்சுப் பாக்குறேன். புத்தகத்தை எடுன்னு உடனே சொல்லல. மொதல்ல மலை. நம்ம ஏர்போர்ட்டுக்குக் கெழக்க கொஞ்ச தூரத்துலயே சேர்வராயன், உச்சி 5,300 அடிக்கு மேல. சக்கரம் எறங்கலைங்குற கவலைல மலையை மறந்தா சக்கரமே தேவைப்படாது. மலைக்கு மேல பத்திரமான உயரம், சுத்துறதுக்கு ஒரு எடம், ஆட்டோபைலட், எரிபொருள் எவ்ளோ இருக்குன்னு ஒரு பார்வை. ஒரு மணி நேரத்துக்கு மேலயே சுத்தலாம். டவர்ல என்ன பிரச்சனைன்னு கேக்குறாங்க, "ஸ்டாண்ட்பை"ன்னு ஒரே வார்த்தை, கொஞ்சம் பொறுங்கன்னு அர்த்தம். பைலட் வேலைக்கு வர்ற எல்லாருக்கும் மொத நாளே சொல்லிக் குடுக்குற வரிசை இதுதான்: மொதல்ல ஓட்டு, அப்புறம் எங்க போறன்னு பாரு, அப்புறம்தான் பேச்சு. எல்லாம் ஆனப்புறம் அவர் சொன்னாரு, "நான் ஓட்டுறேன், நீ படி. அவசரமே இல்ல."

ஸ்பைரல் பைண்டிங் போட்ட புத்தகம், ஓரத்துல டேப் டேப்பா இருக்கும். லேண்டிங் கியர் பக்கத்தைத் தொறந்து தலைப்பை சத்தமா வாசிச்சேன், ஏன்னா பதட்டத்துல பக்கத்துப் பக்கத்தை எடுத்துட்டு அதையே அழகா முடிக்கிற ஆளுங்க உண்டு. தலைப்பும் நம்ம பிரச்சனையும் ஒண்ணுதானான்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் மொத வரி. விரலை வரி மேல வெச்சுக்கிட்டே படிக்கிறேன், ரெண்டாவது வரில இருக்கும்போது டவர் மறுபடி கூப்பிட்டுச்சு, பதில் சொல்லிட்டு வந்து பாத்தா விரல் எந்த வரில இருந்துச்சுன்னு சந்தேகம். மூணாவதுலன்னு ஒரு மனசு சொல்லுது. கேப்டன், "மேல இருந்து மறுபடி". மறுபடி தலைப்புலேர்ந்து.

இதுல என்னை வெக்கப்பட வெச்ச விஷயம் இருக்கு. ஏடிஆர்ல சக்கரத்துக்கான வெளக்கு ரெண்டு எடத்துல இருக்கும், நடுப் பேனல்ல ஒண்ணு, தலைக்கு மேல இருக்குற பேனல்ல இன்னொண்ணு. ரெண்டுக்கும் தனித்தனி வழி, ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் குடுக்கும். அதை மேல பாருன்னு லிஸ்ட் சொல்லுது. நிமிந்து பாத்தேன். மூணும் பச்சை. அவ்ளோ நேரமும் என் தலைக்கு ஒரு முழம் மேல மூணு பச்சையும் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்கு, நான் கீழ இருந்த அந்த ஒத்தை செவப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்ல.

மீதியை சுருக்கமா சொல்லிடறேன். கேபின்ல இருந்த பொண்ணைக் கூப்பிட்டு என்ன பிரச்சனை, என்ன செய்யப்போறோம், எவ்ளோ நேரம், ஸ்பெஷலா ஏதாச்சும் உண்டாங்குற நாலையும் சொல்லி, அதையே அந்தப் பொண்ணை திருப்பிச் சொல்ல வெச்சு, பயணிகளுக்கு ஒரு அறிவிப்பும் குடுத்துட்டு எறங்குனோம். வழக்கமான லேண்டிங். என்ஜினியருங்க வந்து சக்கரம் மடங்காம இருக்க பின் குத்துனதுக்கு அப்புறம்தான் கேப்டன் பெல்ட்டைக் கழட்டுனாரு. சக்கரம் பத்திரமா பூட்டித்தான் இருந்துச்சு, பூட்டுனதைச் சொல்ற சென்சார்தான் செத்துப்போச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது.

அன்னிக்கு சாயங்காலம் அப்பாகிட்ட சொன்னேன். பஸ் டிரைவர் புத்தி, மொத கேள்வியே நெஞ்சுல குத்துச்சு: "மேல இன்னொரு லைட் இருக்குன்னு தெரியும்லடா, அப்பவே நிமிந்து பாத்திருந்தா சுத்தியிருக்க வேணாமே?" உண்மைதான், பாத்திருக்கலாம். ஆனா எறங்கிக்கிட்டு இருக்கும்போது, தரை கிட்ட வர்ற நேரத்துல, ஒருத்தன் அண்ணாந்து லைட்டை எண்ணிக்கிட்டு இருக்குறது நல்லதில்லன்னுதான் மேல போறோம்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு அவர் கதைய எடுத்தாரு.

ஏற்காடு ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு, உங்களுக்கே தெரியும். மேலருந்து கெளம்புறதுக்கு முன்னாடி அவர் என்ன பண்ணுவாருன்னு சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன். வண்டியைச் சுத்தி ஒரு நடை, ஒவ்வொரு டயரையும் கையால ஒரு தட்டு, ஏறி உக்காந்து காத்து மீட்டர் முள்ளு ஏறுற வரைக்கும் காத்திருப்பாரு, பிரேக்கை அமுக்கி அமுக்கி விட்டு முள்ளு எவ்ளோ எறங்குதுன்னு பாப்பாரு. ஏறுன கியர்லதான் எறங்கணும்னு மந்திரம் மாதிரி சொல்லுவாரு. ஒரு தடவை எறக்கத்துல பிரேக் காத்து கொறஞ்சு, வண்டியை மலைச்சுவர் பக்கமா ஒட்டி நிறுத்திட்டாராம். புதுசா வந்த கண்டக்டர் பதறிப்போயி, "அண்ணே எறங்கிப் பாருங்க"ன்னு கத்தியிருக்காரு. அப்பா எறங்கல. "நான் பிரேக்லேர்ந்து காலை எடுக்க மாட்டேன், நீ எறங்கி சக்கரத்துக்குக் கல்லு வை, பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வை, வெச்சிட்டு எங்கிட்ட வந்து சொல்லு." ரெண்டு பேரும் எறங்கிட்டா வண்டிய யாருடா பாக்குறதுன்னு எங்கிட்ட கேட்டாரு.

இதே கேள்விக்கு பதில் இல்லாம ஒரு விமானமே போயிருக்கு. 1972 டிசம்பர் 29, அமெரிக்காவுல மியாமி. ஈஸ்டர்ன்ங்குற விமானக் கம்பெனியோட 401ம் நம்பர் ஃப்ளைட், ட்ரைஸ்டார் விமானம். என் கதையேதான், எறங்குற நேரம் மூக்குச் சக்கரத்தோட பச்சை எரியல. மேல போயி சுத்துனாங்க, அது வரைக்கும் சரி. அப்புறம் காக்பிட்ல இருந்த அத்தனை பேரும் அந்த வெளக்குலயே மூழ்கிட்டாங்க, கழட்டுறாங்க, மாட்டுறாங்க, கீழ எட்டிப் பாக்க ஒருத்தரை அனுப்புறாங்க. நடுவுல ஆட்டோபைலட் உயரத்தைப் புடிக்கிறதை விட்டுட்டது யாருக்கும் தெரியல. ராத்திரி, கீழ சதுப்பு நிலம், ஒரு வெளிச்சம் கெடையாது. கொஞ்சம் கொஞ்சமா எறங்கி எவர்க்ளேட்ஸ்ல போயி விழுந்துச்சு, ஏறக்குறைய நூறு உயிர் போச்சு. சக்கரம் நல்லாத்தான் எறங்கியிருந்துச்சு. பல்பு ஃப்யூஸ் போயிருந்தது, அவ்ளோதான். சிமுலேட்டர் கிளாஸ்ல இதை கேட்டப்ப, எப்படிய்யா யாருமே மீட்டரைப் பாக்கலன்னு சலிச்சுக்கிட்டவன் நான். அந்த ஒத்தை செவப்பு என் கண்ணைக் கட்டிப் போட்டதுக்கு அப்புறம் அவங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பா பேசுறதில்ல.

இன்னொண்ணு எங்க ஏடிஆர்லயே நடந்தது, 2015 பிப்ரவரி 4, தைபேல ட்ரான்ஸ்ஏசியா 235. கெளம்புன கொஞ்ச நேரத்துல வலது பக்க என்ஜினோட ப்ரொப்பெல்லர் ஒரு மின்கோளாறுல தானா ஃபெதர் ஆயிடுச்சு, அதாவது அந்தப் பக்கம் விமானத்தை முன்னாடி இழுக்குற சக்தி இல்ல. ஒரு என்ஜின்ல பறக்கக்கூடிய வண்டிதான் அது. ஆனா கேப்டன் லிஸ்ட்டுக்குக் காத்திருக்காம நல்லா ஓடிக்கிட்டிருந்த இடது என்ஜினைக் கொறச்சு நிறுத்திட்டாரு. தப்பு புரிஞ்சப்ப உயரம் மிச்சமில்ல. 58 பேர்ல 43 பேர் போயிட்டாங்க. இப்படி ஆயிடக்கூடாதுன்னுதான் எங்க வேலைல சில லீவருங்களை ஒருத்தரா இழுக்குறதே கெடையாது. என்ஜினை நிறுத்தணும்னா, "நம்பர் ஒன்"னு சொல்லி கையை அது மேல வெக்கணும், இழுக்கக் கூடாது, பக்கத்துல இருக்குறவர் கண்ணால பாத்து "கன்ஃபர்ம்"னு சொன்னாத்தான் இழுக்கலாம். பாக்குறவங்களுக்கு சடங்கு மாதிரி இருக்கும், சரியான கைக்கு அந்த ரெண்டு செகண்டால ஒரு நஷ்டமும் இல்ல.

அப்ப எல்லாத்துக்கும் புத்தகமான்னு கேட்டா, இல்ல. கேபின்ல காத்தழுத்தம் போனா மொதல்ல ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டணும், பக்கம் தேடிக்கிட்டு இருந்தா மயங்கிடுவோம். இந்த மாதிரி சில வரிகள் மட்டும் மனப்பாடம், ராத்திரி தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும், கை சும்மா பாயக்கூடாதுன்னு அதையும் அளந்து எண்ணித்தான் வெச்சிருக்காங்க. மத்ததெல்லாம் படிச்சு செய்யிறது. படிக்கிறதுலயும் ஒரு ஆபத்து இருக்கு, வாய் படிக்கும், கண்ணு வேற எங்கயோ இருக்கும். 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸ்லேர்ந்து ஏதென்ஸ் போன ஹீலியோஸ் 522ல காத்தழுத்த சுவிட்ச் ஆட்டோல இருக்க வேண்டியது மேனுவல்லயே இருந்துச்சு, மெயின்டெனன்ஸ்ல மாத்தினது. கெளம்புறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் படிக்கிற லிஸ்ட்டுங்கல்லாம் அதைத் தாண்டிப் போச்சு, யார் கண்ணுலயும் படல. 121 பேரும் போயிட்டாங்க. அதுலேர்ந்து நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன், "ஆட்டோ"ன்னு வாயால சொல்றதுக்கு முன்னாடி விரல் அந்த சுவிட்ச்சை தொட்டிருக்கணும். கேப்டனுங்க சில பேர் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

லிஸ்ட்டே பத்தாத நேரமும் உண்டு. 2009 ஜனவரி 15, நியூயார்க்ல பறவைக் கூட்டம் மோதி ரெண்டு என்ஜினும் போன யுஎஸ் ஏர்வேஸ் 1549. ரெண்டு என்ஜினும் போனா படிக்க வேண்டிய லிஸ்ட் ரொம்ப உயரத்துல இருக்கும்போது படிக்கிறதுக்காக எழுதுனது, நீளம். அவங்களுக்குக் கெடச்சது மூணரை நிமிஷம் சொச்சம். கோ-பைலட் ஸ்கைல்ஸ் படிக்க ஆரம்பிச்சு முடிக்கவே முடியல. கேப்டன் சல்லன்பெர்கர் வால் பக்கம் இருக்குற சின்ன என்ஜினை, அதோட வரி வர்ற வரைக்கும் காத்திருக்காம மொதல்லயே ஓட விட்டுட்டாரு, அதுனாலதான் கரண்ட் போகாம இருந்துச்சு. ஹட்சன் ஆத்துல எறக்குனாங்க, 155 பேரும் பொழச்சாங்க. இதை வெச்சுக்கிட்டு "பாத்தியா, அனுபவம்தான் முக்கியம், லிஸ்ட் இல்ல"ன்னு பேசுறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். அவர் அந்த ஒரு வரிய முன்னாடி தூக்கிப் போட்டாரு, பக்கத்துல இருந்தவர் முடிஞ்ச வரைக்கும் படிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. எந்த வரிய மாத்தலாம்னு தெரியிறதுக்கே அந்த லிஸ்ட் ஒழுங்கா தெரிஞ்சிருக்கணும்ல.

இதுக்கெல்லாம் ஆரம்பம் 1935 அக்டோபர் 30. போயிங் மாடல் 299, அன்னிக்கு தேதில பெரிய விமானம், வால் பக்கம் காத்துக்கு ஆடாம இருக்கப் போட்ட லாக்கைக் கழட்ட மறந்து கெளம்பி விழுந்துச்சு. ஓட்டுனவர் கத்துக்குட்டி இல்ல, ராணுவத்தோட டெஸ்ட் பைலட். ஞாபகத்தை நம்பக்கூடாதுன்னு அதுக்கப்புறம்தான் அட்டைல எழுத ஆரம்பிச்சாங்க. எங்க ஏடிஆர்லயும் அதே மாதிரி கஸ்ட் லாக் இருக்கு, கெளம்புறதுக்கு முன்னாடி அதை விடுவிச்சாச்சான்னு கேக்குற வரி வர்றப்ப மட்டும் நான் கொஞ்சம் மெதுவாவே படிப்பேன்.

இவ்ளோ தெரிஞ்ச அகங்காரத்துல போன தீபாவளிக்கு வீட்ல ஒரு வேலை பண்ணேன். அம்மா தனியா இருக்குறப்ப சிலிண்டர்ல கேஸ் லீக் ஆனா என்ன பண்ணணும்னு நானே ஒரு லிஸ்ட் டைப் பண்ணி, லேமினேட் போட்டு, அடுப்படில ஒட்டிட்டேன். எந்த சுவிட்ச்சையும் தொடாத, போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம். ரெகுலேட்டரை மூடு. கதவு ஜன்னலைத் தொற. வெளிய போ. வெளிய போனப்புறம் 1906க்கு போன் பண்ணு. அஞ்சே வரி, ரொம்ப கச்சிதமா இருக்குன்னு எனக்கே பெருமை. சும்மா ஒட்டிட்டுப் போகாம சிமுலேட்டர் மாதிரி நடத்திப் பாப்போம்னு அம்மாவை நிக்க வெச்சு, "கேஸ் வாசனை வருது, இப்ப பண்ணு"ன்னேன்.

அம்மா தாளுகிட்ட போனாங்க. கண்ணைச் சுருக்குனாங்க. "கண்ணாடி உள்ள ரூம்ல கெடக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" அந்த எழுத்து அவங்களுக்குத் தெரியவே இல்ல. நான் வாசிச்சுக் காட்டுனேன். முழுசா கேட்டுட்டு, "சாமி வெளக்கை எங்கடா காணோம்?"னாங்க. பூஜை ரூம் எங்க வீட்ல அடுப்படிய ஒட்டித்தான், காலைலயும் சாயங்காலமும் வெளக்கு எரியும், ஊதுவத்தி வேற. சுவிட்ச்சை யோசிச்ச எனக்கு தீபம் ஞாபகத்துக்கே வரல. அப்புறம், போன் எப்பவும் ஃபிரிட்ஜ் மேல சார்ஜ்ல கெடக்கும், சுவிட்ச்ச தொடாம அதை எப்படி எடுத்துட்டு வெளிய போறதுன்னு கேட்டாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. எதிர் வீட்டு அக்காவோட போன்ல பேசிக்கிறதுன்னு அவங்களே முடிவு பண்ணாங்க.

லேமினேட்டைக் கிழிச்சுட்டோம். இப்ப இருக்குறது காலண்டர் அட்டையோட பின்பக்கம், தடிச்ச ஸ்கெட்ச் பேனால அம்மா கைப்பட எழுதுனது, கண்ணாடி இல்லாம நாலடி தள்ளி நின்னாலே தெரியும். மொத வரி, "வெளக்கு, ஊதுவத்தி அணை." 1906க்கு பக்கத்துல எதிர் வீட்டு அக்கா பேரு. சார்ஜரு வரண்டாவுக்கு மாறியாச்சு. மாமா அடுத்த வாரம் வீட்டுக்கு வர்றாராம், அட்டையைப் பாத்துட்டு அம்மாகிட்டயும் பிட்டான்னு கேப்பாரு, அம்மா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும், அதை இங்க எழுத முடியாது.